டீசலில் மீன் வாடை

பழி வாங்குவது தப்பு என்று சொல்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர்களிடம் யாரும் சரியாக வாலாட்டியதில்லை, அவ்வளவுதான். அக்காவை எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணமே அவள் எதையும் மறக்க மாட்டாள், யாரையும் சும்மா விடமாட்டாள் என்பதுதான். நான் ஏழு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து தலையணையோடு சண்டை போடுகிற ஜாதி. அவள் அப்படியில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. வயதில் என்னைவிடச் சின்னவள்கூட. ஆனால் காசிமேட்டில் எல்லோருக்கும் அவள் அக்காதான். மீன்பிடித் துறைமுகத்தில் சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு, தானே ஓட்டிய ஒரே பொம்பளை. விடியும்போது ஏலத்தில் மீன் எடுக்கும் நாங்கள் நான்கு மீன்காரிகள் பெட்டிகளை அவள் வண்டியில் ஏற்றுவோம். திருவொற்றியூர், எர்ணாவூர், மணலி என்று ஒவ்வொருத்தியையும் அவரவர் மார்க்கெட்டில் இறக்கிவிடுவாள். வண்டியின் நிறம் நீலம் என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்தது. உப்புக் காற்றும் ஐஸ் தண்ணீரும் தின்றது போக மிச்சமிருந்த தகரத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

ஐஸ் உடைக்கிற இடத்தில் ஒரு மேஸ்திரி இருந்தான். ஒருநாள் அக்கா வரிசையில் நிற்கும்போது அவளைத் தாண்டிப் பின்னால் இருந்தவனைக் கூப்பிட்டு, ஐஸ் போடுகிற பையனிடம் "ஆம்பளைங்களுக்கு மொதல்ல போட்டு அனுப்புப்பா" என்றான். அன்றோடு அவள் அங்கே ஐஸ் வாங்குவதை விட்டாள். இன்னும் தள்ளிப் போய் வாங்கினாள். ஆனால் தினமும் அந்தக் கேட்டைத் தாண்டும்போது வண்டியை நிதானமாக்கி நீளமாக ஒரு ஹாரன் அடிப்பாள். உள்ளே இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு அடிப்பாள். மேஸ்திரி வேலையை விட்டுப் போன பிறகும் அது நிற்கவில்லை.

"ஆளே இல்லியேக்கா, யாருக்கு அட்ச்சிகினு கீற?" என்று கேட்டேன்.

"ஆளு போனா இன்னா? கேட்டு கீதுல்ல?"

இதைக் கேட்டு அவளை ராங்கிக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவளிடம் ஓர் அளவு இருந்தது. எங்களில் மணலிக்காரி ஒருத்தி. ஏதோ பெட்டி இடம் மாறிய சண்டையில் அக்காவின் சாப்பாட்டுத் தூக்கைக் காலால் எத்திவிட்டாள். சோறு முழுக்க மண்ணில். அக்கா தூக்கை எடுத்துக் கழுவி வைத்தாள். மாதங்கள் போயின, மணலிக்காரி மறந்தே போனாள். ஒருநாள் அவள் சாப்பிட உட்கார்ந்து மூடியைத் திறந்ததும் அக்கா வந்து அந்தத் தூக்கை எத்தினாள். அதே வேகம், அதே தூரம். மணலிக்காரி அழ வாயைத் திறப்பதற்குள் தன் தூக்கை எடுத்து வந்து பாதிச் சோற்றை அவளுக்கு வைத்தாள்.

"அன்னிக்கி எனுக்குப் பக்கத்து வண்டிக்காரரு அவரு சோத்துல பாதி குட்தாரு. அதனால உனுக்கும் பாதி. துன்னு. சரியாப் பூட்ச்சி."

சரியாகப் போனதென்றால் போனதுதான். அதற்குப் பிறகு மணலிக்காரியின் பிள்ளைக்கு ஜுரம் வந்தபோது ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

சரியாகப் போகாதது ஒன்றே ஒன்று இருந்தது. அக்காவின் புருஷனும் இன்னொருவரும் கூட்டாக வண்டித் தொழில் செய்தார்கள். அந்த இன்னொருவரை ஊரே பார்ட்னர் என்று கூப்பிடும். புருஷன் மஞ்சள் காமாலையில் செத்து, மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்து, பதினாறாம் நாள் சாப்பாடு நடக்கிறது. உறவு, தெரு, துறைமுகம் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. பார்ட்னர் இலையில் கையை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அந்த வண்டிய எனுக்கே வுட்டுடு தங்கச்சி. பொம்பள ஸ்டீரிங் புட்ச்சா வண்டிக்கும் ஆவாது, உனுக்கும் ஆவாது."

அக்கா அவர் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள். அந்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

துறைமுகத்தில் ஏற்றுகிற வண்டிகளுக்கு வரிசை உண்டு. முதலில் நிற்கிற வண்டிக்கு முதல் லோடு. அது கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைப்பதற்கு முன்னால் வெளியேறிவிடும். பின்னால் மாட்டுகிற வண்டியில் மீன் கண் வெளுத்துத்தான் மார்க்கெட்டுக்குப் போகும். அக்கா ஓட்டத் தொடங்கியதிலிருந்து முதல் இடம் அவளுடையது. பார்ட்னர் ஒன்றுக்கு மூன்று வண்டி வாங்கினார். மூன்றும் அவளுக்குப் பின்னால்தான் நின்றன. தினமும் கண்ணாடியில் அந்த மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அவள் கியர் போடுவாள். அவளுக்குக் காபி டீ எல்லாம் அதுதான்.

கொரோனா முடிந்து ஏலம் மறுபடி சூடு பிடித்த சமயத்தில் அக்கா வண்டியின் இஞ்சின் உதற ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் கதவு, கண்ணாடி, எங்கள் பல் எல்லாம் ஆடும். மேட்டில் திணறும். வெள்ளைப் புகை கக்கும். சில நாள் நடுரோட்டில் அப்படியே அணைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் சாயங்காலம் காலி வண்டியை ஓட்டினால் ஒரு குறையும் இருக்காது. காலையில் மீன் ஏறினால்தான் நோய்.

மீன் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை நான் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாடிக்கைக்காரர்கள் வேறு கடையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் சொல்லிவிட்டேன்.

"இன்னும் கொஞ்ச நாளு பாப்பேன்க்கா. அப்பால பார்ட்னர் வண்டிலதான் ஏத்தணும். மத்தவங்களும் அதான் பேசிகினு கீறாங்க. எங்களுக்கும் வூடு கீது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதுவும் அவளுக்குள் எங்கோ பதிந்துவிட்டது. எங்கள் நான்கு பேர் லோடு போனால் அவளுக்கு அந்த வரிசையில் நிற்க வேலையே இல்லை. அதுவும் யாரிடம் போகிறது?

தண்டையார்ப்பேட்டையில் பாய் ஒருவர் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அங்கே கொண்டுபோனால் வண்டி, டாக்டரைப் பார்த்ததும் ஜுரம் இறங்கிய பிள்ளை மாதிரி சமர்த்தாக ஓடியது. பாய் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிச் சோதித்தார், பம்பைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. அக்கா மறுநாள் காலை இஞ்சின் உதறும்போது போனில் சத்தத்தைப் பதிவு செய்து அவருக்கு அனுப்பினாள். அவர் போனிலேயே சொல்லச் சொல்ல, ரோட்டோரத்தில் தானே சோதித்தாள். ஓடுகிற இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகிற குழாயின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்று அர்த்தம். மாறாவிட்டால் அதுதான் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறது. நான் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர் குற்றவாளியை விசாரிக்கிற மாதிரி அவள் ஒவ்வொன்றாக விசாரித்தாள். நான்கிலும் சத்தம் மாறியது.

"நாலு பேரும் நல்லவங்கோ" என்று நிமிர்ந்தாள். முகமெல்லாம் டீசல். "நாலு பேருக்கும் எவனோ சோத்துல இன்னாவோ கலக்குறான்."

டீசல் ஃபில்டரின் அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, காலி குவார்ட்டர் பாட்டிலில் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் டீசல் மேலே நின்றது, அடியில் கலங்கலாகத் தண்ணீர் இறங்கியது. முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டினாள். டீசல் வாடைக்கு அடியில் அழுகிய கானாங்கெளுத்தி வாடை.

பாட்டிலைப் பாயிடம் காட்டினோம்.

"டேங்க்ல மீன் தண்ணி எறங்குது" என்றார் பாய். "எங்கேர்ந்து எறங்குதுன்னு பாருமா."

"யாருன்னு எனுக்குத் தெரியும் பாய்."

பாய் என்னைப் பார்த்தார். அவர் கேட்டது எங்கேயிருந்து என்று. அவள் சொன்ன பதில் யார் என்பதற்கு. அக்கா அப்படித்தான். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தாக வேண்டும் அவளுக்கு. இதில் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் பார்ட்னர் முகம்தான் முதலில் வந்தது. அந்த டேங்குக்கு மூடி கூடக் கிடையாது. எப்போதோ தொலைந்து, பாலித்தீன் பையையும் கந்தல் துணியையும் சேர்த்துத் திணித்து வைத்திருந்தாள். பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஒரு சொம்பு ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

துறைமுகச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். வலை பின்னுகிற கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அக்கா பாட்டிலைக் கை மாற்றிக் கை மாற்றி முகரக் கொடுத்தாள். மீனோடு பிறந்து மீனோடு வளர்ந்த மூக்குகள். ஒருத்தராவது அது மீன் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பார்ட்னர் முகம் கறுத்துப் போனது. உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, "அம்மன் மேல ஆணை, நான் ஊத்தல" என்று அணைத்துச் சத்தியம் செய்தார்.

"கற்பூரமும் இவரு பார்ட்னர் போல கீது" என்றாள் அக்கா. "கையே சுடலியே."

கொட்டகை சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே தீர்ப்பு ஆகிவிட்டது. பார்ட்னர் வண்டிகள் மூன்றும் அடுத்த மீன்பிடித் தடைக்காலம் வரை கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், ஆள் வைத்துத் தலைச்சுமையாகத்தான் மீன் வெளியே வர வேண்டும் என்றார் தலைவர். எனக்கு அன்று சர்க்கரை சாப்பிட்ட மாதிரி இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆனால் பார்ட்னர் வெளியே போன பிறகும் வண்டி உதறியது. அவருடைய ஆள் யாரோ உள்ளே இருக்கிறான் என்றாள். ஏற்றுகிற நேரம் முழுக்க டேங்க் பக்கத்திலேயே என்னை நிற்க வைத்தாள். ஈ காக்கை அண்டவில்லை. அப்படியும் ஒருநாள் திருவொற்றியூர் தேரடியருகே கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டி நின்றபோது இஞ்சின் நான்கு குலுக்கல் குலுக்கி அடங்கியது. அக்கா இறங்கி டேங்க் பக்கம் போய்க் குந்தினாள். குந்தியவள் எழுந்திருக்கவே இல்லை. என்னவென்று நானும் இறங்கிப் போனேன்.

வண்டித் தளத்தின் மூலையில் ஒரு துளை. மீன் பெட்டியிலிருந்து வழிந்த ஐஸ் தண்ணீர் அந்தத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கொண்டிருந்தது. நேர் கீழே டேங்க் வாயில் திணித்த துணி. துணி நனைந்து ஊறி, குடித்துக்கொண்டே இருந்தது.

அந்தத் துளையை எனக்கும் தெரியும். அதற்கு முந்தின வருஷம் பின்னால் பைக்கில் வந்த ஒருத்தன் மேல் மீன் தண்ணீர் தெறித்து, சிக்னலில் அவன் அக்காவை "கலீஜு பொம்பள" என்று கத்திவிட்டுப் போய்விட்டான். துரத்தினாள், பிடிக்க முடியவில்லை. இனி ஒருவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரக்கூடாது என்று, பாயிடம் டிரில் மிஷின் இரவல் வாங்கித் தானே துளை போட்டு, குழாய் மாட்டித் தண்ணீரை ஒரு கேனில் விழும்படி செய்திருந்தாள். குழாய் எப்போது கழன்று விழுந்ததோ, யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அக்கா உள்ளங்கையை நீட்டி ஒரு சொட்டை வாங்கி முகர்ந்தாள்.

"ஆளு கெட்ச்சிட்டா" என்றாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. "வுடுக்கா. யாருக்குத் தெரியப் போவுது? ரவ தார வெச்சி அடச்சிட்டுக் கம்முனு கெட. அந்தாளு பதினாறாம் நாளு சொன்னதுக்கு இது தண்டனைன்னு நெனச்சிக்கோ."

"அதுக்கு வேற கீது. இதுக்கு இது. அவன வெளிய நிக்க வெச்சேன்ல, நாளிக்கி நானு நிக்கணும்."

மறுநாள் அவள் வண்டியை உள்ளே கொண்டுவரவில்லை. கேட்டுக்கு வெளியே பார்ட்னருடைய மூன்று வண்டிகளுக்குப் பின்னால் நான்காவதாக நிறுத்தினாள். ஏலக் கொட்டகைக்கு நடந்து வந்தாள். பார்ட்னர் டீ கிளாஸும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். தலைவரும் இருந்தார். ஏலம் கேட்க வந்த கூட்டம் வேறு.

"டேங்க்ல மீன் தண்ணி ஊத்தினது நீ இல்ல" என்றாள், ஏலக்காரன் குரலையும் அடக்கிவிடும் குரலில். "நான் போட்ட ஓட்ட வழியா எறங்கிச்சி. உன் மேல பழி போட்டேன், வெளிய நிக்க வெச்சேன். நீ இப்ப என்ன இன்னா வேணா பண்ணு. திட்டு. நானும் தடக்காலம் வரிக்கும் வெளிய நிக்கிறேன்."

அவள் நின்ற நிற்பு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அடி வாங்கத் தயாராக, முகத்தை நன்றாக நிமிர்த்திக்கொண்டு. அடி விழுந்தால் தீர்ந்தது. அவர் பாதி, இவள் பாதி.

பார்ட்னர் சுற்றி இருந்த அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தார். ஒரு மடக்கு டீ குடித்தார். பிறகு சிரித்தார்.

"வுடு தங்கச்சி. பாவம், நீ இன்னா பண்ணுவ? வண்டிக்கு அடியில இன்னா கீதுன்னு உனுக்கு எப்டித் தெரியும்? நான் அப்பவே மன்னிச்சிட்டேன். நீ பயப்படாம உள்ள வந்து மொதல் எடத்துலயே நின்னுக்கோ. நான் வுட்டுக் குடுக்குறேன்."

கூட்டத்தில் யாரோ, "பெரிய மனுஷன்யா" என்றார்கள். தலைவர் பார்ட்னர் தோளைத் தட்டினார். வண்டிகளை உள்ளே கொண்டுவரச் சொன்னார். நான் அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் பந்தியில் சொன்னதை விடப் பெரிதாக ஒன்றைச் சொல்லிவிட்டார், இந்தத் தடவை ஊரே கை தட்டுகிறது. அவளுக்கு எது வலிக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தொழிலில் கூட இருந்தவர் அல்லவா.

"திட்டு" என்றாள் மறுபடியும். குரல் இறங்கியிருந்தது.

"ஐயே, உன்னப் போயி திட்டுவனா? டேய், தங்கச்சிக்கி ஒரு டீ குட்றா."

டீ வந்தது. அக்கா வாங்கினாள். குடிக்காமல் ஒரு மீன் பெட்டியின் மேல் வைத்தாள். திரும்பி நடந்து கேட்டுக்கு வெளியே போனாள். ஒருமூச்சு அழுதுவிட்டு வண்டியை எடுத்து வருவாள் என்று நினைத்தேன்.

அடுத்து அவள் செய்ததற்குக் கொடுத்த விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பிறகு சங்கம் அவளைத் துறைமுகத்துக்குள் விடவே இல்லை, முதல் இடம் பார்ட்னருக்குப் போனது. முகத்துவாரக்குப்பம் பக்கம் இறால் ஏற்றுகிறாள் என்று சிலர் சொன்னார்கள், வண்டியை விற்றுவிட்டாள் என்று சிலர். நான் ஒரு நாளும் பார்ட்னர் வண்டியில் பெட்டி ஏற்றவில்லை. ஷேர் ஆட்டோக்காரர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு போகிறேன். அவர் எதிரில் வந்து "சாப்ட்டியாம்மா" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அன்று அக்கா டீயை வைத்துவிட்டு வெளியே போன சமயம், பார்ட்னருடைய மூன்று வண்டிகளில் புதியதை அவர் டிரைவர் உள்ளே கொண்டுவந்து கொட்டகையை ஒட்டி நிறுத்திவிட்டு, சாவியை அதிலேயே விட்டு இறங்கினான். அக்கா கேட்டுக்குள் வந்தாள். கையில் ஒரு வாளி. வெளியே அடுக்கியிருந்த மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த தண்ணீர், செதிலும் ரத்தமுமாக விளிம்புவரை. வாளியைக் கீழே வைத்துவிட்டு வண்டியிலிருந்து சாவியை எடுத்தாள், டேங்க் மூடியைத் திறந்தாள். அவசரப்படவில்லை. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று யாருக்கும் புரியாததால் யாரும் தடுக்கவும் இல்லை. முழு வாளியையும் சிந்தாமல் ஊற்றினாள். மூடியைப் போட்டுப் பூட்டினாள். நேராகப் பார்ட்னரிடம் வந்து அவர் உள்ளங்கையில் சாவியை வைத்தாள்.

"இப்ப ஊத்தினது நான்தான். தெரிஞ்சிதான் ஊத்தினேன். இப்ப மன்னி."

பார்ட்னர் வாயிலிருந்து வந்ததை நான் எழுத முடியாது. அவள் அம்மாவில் தொடங்கி, செத்துப்போன புருஷன் வழியாக, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகள் வரைக்கும் போனார். டீ கிளாஸைத் தரையில் அடித்தார். நாலு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெரிய மனுஷன் என்று சொன்னவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. அக்கா நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் நின்று கேட்டாள். புருஷன் செத்த பிறகு அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

அவர் மூச்சு வாங்கி நிறுத்தினார்.

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு அவள் வெளியே நடந்தாள்.